மயூரியின் தலைக்கவசம்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் முதலில் தலைக்கவசம் கட்டாயமானது. பிறகு, இறந்துபோன வீராங்கனையின் குரல் அவளுடைய கவசத்திலிருந்து புதியவளுக்கு வழிகாட்டலாம் என்றும் விதி வந்தது. கணவனின் சம்மதம் போதும். நான் கையெழுத்திட்டேன். என் மனைவி மயூரியின் கவசத்தை இப்போது அவளுடைய கழகத்துக்குப் புதிதாக வந்த அபிஷா அணிகிறாள். ஆடும்போது மட்டுமே அது பேசும்.

சனிக்கிழமை ஆட்டம் தோல்வியில் முடிந்ததும் அபிஷா என்னிடம் ஓடிவந்தாள்.

“அண்ணா, நான் அடிச்ச பந்து கம்பத்தில பட்டுட்டுது. மயூரியக்கா விழுந்து விழுந்து சிரிச்சவா!”

தோற்ற நாள்களில் மயூரி வீட்டில் வாயே திறக்கமாட்டாள்.

“என்னைப் பற்றி ஏதும் சொன்னவளே?”

“விளையாட்டுக்க புருசன்ர கதையே? போங்கோ அண்ணா!”

திங்கட்கிழமை கழக அலுவலகத்துக்குப் போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றேன். இனி மயூரி அவளோடும் பேசமாட்டாள்.