இன்ஸ்பெக்டர் எடுத்த துப்பாக்கி

ஒரு காவல் நிலையத்தின் ஆயுத அலமாரியில் இரண்டு கைத்துப்பாக்கிகள் அருகருகே இருந்தன. ஒன்று பெரியது, முழுக்க எஃகு. மற்றது சின்னது, லேசானது.

"என்னைச் சட்டைக்குள்ள வச்சா யாருக்கும் தெரியாது" என்று சின்னது அடிக்கடி சொல்லும்.

"சுடும்போது நீ துள்ளுவே. நான் கனம், அசைய மாட்டேன்" என்று பெரியது சொல்லும்.

ஒரு மதியம் இன்ஸ்பெக்டர் செங்கமலம் அவசரமாக வந்தார். குடிபோதையில் ஒருவன் தன் மகள் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நிற்பதாகத் தகவல். செங்கமலம் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பக்கத்துல பிள்ளை இருக்கு. குறி துளிகூடத் தப்பக் கூடாது" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

சாயங்காலம் அது அலமாரிக்குத் திரும்பியது.

"சுட்டியா?" என்று சின்னது கேட்டது.

"இல்ல. இன்ஸ்பெக்டரம்மா அவன் கண்ணெதிரே என்னை ஏட்டுகிட்ட கொடுத்துட்டு, வெறுங்கையோட உள்ளே போனாங்க."

"பயப்படலையா?"

"கொடுக்கும்போது கை நடுங்கிச்சு. அப்படி ஒரு நடுக்கத்தை நான் பார்த்ததே இல்ல."

"அப்புறம்?"

"உள்ளே என்ன பேசினாங்களோ, தெரியாது. வெளியே வரும்போது ஒரு கையில பிள்ளை இருந்தது. இன்னொரு கையில அரிவாள் இருந்தது."