பினாங்குக்காரரின் வலம்புரி

பதியுதீன் செய்தது களவுதான். அதில் அவருக்கே சந்தேகம் இருக்கவில்லை.

பினாங்கில் அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிவாசல் நிர்வாக சபையின் உபதலைவர் வேறு. அறுபத்தோராவது வயதில் தன்னந்தனியாக இலங்கை பார்க்கப் புறப்பட்டு, பொத்துவிலில் இருந்து கடலோரமாகவே வந்து, கடைசி நாளை ஆறஅமரக் கழிக்கலாமென்று கல்முனையில் தங்கியிருந்தார். மாலை ஆறு மணிக்குக் கொழும்பு பஸ். மறுநாள் காலை விமானம். அதுவரை ஒரு வேலையும் இல்லை.

காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கை துறுதுறுத்தது. அவரும் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

முன்னால் இழுத்துக்கொண்டிருந்தவன் பஸால். ஊர், பெயர், எத்தனை மணி பஸ் என்று எல்லாவற்றையும் விசாரித்து, ‘நானா’ என்று அண்ணன் முறையும் கொண்டாடி முடித்தவன், பத்து நிமிடத்தில் கேலியையும் தொடங்கிவிட்டான்.

"பினாங்கு நானா இழுக்கிறாரா, கயித்தில தொங்குறாரா? ஒருக்காப் பாருங்கடா!"

வலை கரையேறியது. துள்ளிய கீரி மீன்களை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். வலையோடு வந்த பாசிக் குப்பைக்குள் கிடந்த சங்கு பதியுதீனின் கண்ணில் மட்டும்தான் பட்டது. நாற்பது வருடமாகச் சங்கும் சிப்பியும் சேர்க்கிறவர் அவர். பார்த்ததுமே அதன் சுழி வலப்பக்கம் என்று கண்டுகொண்டார்.

வலம்புரி! லட்சத்தில் ஒன்று!

வலையில் வந்தது வலை முதலாளிக்குச் சொந்தம் என்பது வாத்தியாருக்குத் தெரியாததல்ல. குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். நிமிர்ந்தபோது சங்கு தோள்பைக்குள் இருந்தது.

பத்தடி போயிருப்பார்.

"நானா! பினாங்கு நானா! நில்லுங்க!"

பஸாலின் குரல். பதியுதீன் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டு, வீதியில் வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

கல்முனையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து மூச்சு விட்டார். அந்த மூச்சு முடியுமுன் வாசலில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் மீன் பெட்டி. மேலே பஸால்.

"வெள்ளைத் தொப்பி, தோளில பேக், வெளிநாட்டுக் கதை. அப்பிடி ஓராள் இங்கால வந்தாரா காக்கா?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

வெள்ளைத் தொப்பி சட்டைப் பைக்குள் போனது. அதன் சொந்தக்காரர் கை கழுவப் போகிறவர் போல எழுந்து பின்பக்கத்தால் போனார்.

அடுத்த அடைக்கலம் பள்ளிவாசல். லுஹர் தொழுதார். பாதித் துஆ மன்னிப்புக்கு, மீதி ஆறு மணி பஸ்ஸுக்கு. தொழுது முடித்து எழுந்தால், ஜன்னலுக்கு வெளியே பஸால் போனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஆள் அம்புடல்ல முதலாளி... ஓம், நீங்க கோபத்தில சோறும் தின்னாம இருக்கிறதச் சொன்னாங்க... பஸ் ஆறு மணிக்கு. ஏறிப் போக உடமாட்டன், நீங்க பயப்பிடாதீங்க."

முதலாளி சோறு தின்னவில்லையாம்! பொலிஸ், கடவுச்சீட்டு, தவறிப்போகும் விமானம், பினாங்கில் வெள்ளிக்கிழமை கூடும் நிர்வாக சபை என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

மருதமுனைக்கு ஓடி, ஒரு கைத்தறி லுங்கிக் கடைக்குள் புகுந்துகொண்டார். ஐந்து மணி வரை கடையில் இருந்த சாரன் ஒன்று விடாமல் விரித்துக் காட்டச் சொன்னார். கடைக்காரி றினோஸாவின் பொறுமை முப்பதாவது சாரனோடு முடிந்தது.

"நானா, நீங்க சாரன் வாங்க வந்தீங்களா, ஒளிக்க வந்தீங்களா? மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா என்னத்துக்கு இந்தப் பதகளிப்பு?"

வெட்கத்தில் மூன்று சாரன் வாங்கினார். ஒன்றில் சங்கைச் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்தார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பஸ்ஸில் ஏறி, தலையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. அப்பாடா என்று கண்ணை மூடினார்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"நல்லா ஓட்டங்காட்டினீங்க நானா!"

பஸால். முகமெல்லாம் வேர்வை. பதியுதீனின் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, பொலிஸ் வேணாம். பேரப் பிள்ளைங்க இருக்கிற மனுசன் நான். புத்தி கெட்டுப் போச்சு." சாரனைப் பிரித்துச் சங்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "உங்க வலையில வந்த வலம்புரி. யாரும் பார்க்கலைன்னு எடுத்துட்டேன். முதலாளிகிட்ட என்னை மன்னிக்கச் சொல்லு."

பஸால் சங்கைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடியும் சங்கைப் பார்த்தான்.

"வலம்புரியா? எங்கட வலையிலயா? எப்ப நானா?"

பதியுதீன் இருக்கையில் நிமிர்ந்தார். "அப்ப... காலையில இருந்து என்னை எதுக்குத் தம்பி துரத்தினே?"

பஸால் மற்றக் கையில் இருந்த சொப்பிங் பேக்கை அவர் மடியில் வைத்தான். பொரித்த மீன் வாசனை பஸ் முழுக்கப் பரவியது.

"உங்கட பங்கு நானா. பச்சையாக் கொண்டு திரிஞ்சா பழுதாப் போயிரும் எண்டு உம்மா பொரிச்சுத் தந்தா. பங்கு பிரிக்க முன்ன உங்களப் போக உட்டதுக்கு முதலாளிட்ட எனக்குச் சரியான ஏச்சு."

பஸ் நகர்ந்தது. சங்கோடு கீழே குதித்த பஸால், ஜன்னலோடு ஓடிவந்தபடி சொன்னான்:

"கயித்தில கை வெச்ச ஆளுக்குப் பங்கு குடுக்காம உட்டா, நாங்க கள்ளராப் போயிருவமே நானா!"