அசையாத கோடு

“நிறுத்த முடியாது சார்!”

தாரணி போனில் போட்ட சத்தத்தில் பெங்களூரு அல்சூர் நீச்சல் குளத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகள் ஷ்ரேயாவும் பார்த்தாள், ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடியே.

போனில் ஆபீஸ் மேலதிகாரி சுதீர்.

“ஒரு மாசமா அந்த ஏ.ஐ. மாடலுக்குக் கணக்குப் பழக்குறோம், தாரணி. பார்த்த கணக்கை ஒப்பிக்குது. புதுசா ஒண்ணு கேட்டா உளறுது. கிராஃபைப் பாருங்க, கோடு அசையவே இல்ல. அது ஓடுற மெஷினை வேற டீமுக்குக் கொடுத்துடலாம்.”

“கோடு அசையலன்னா உள்ளே ஒண்ணும் நடக்கலன்னு யார் சொன்னது? முதல்ல ஒப்பிக்கும். அப்புறம் திடீர்னு ஒரு நாள் பிடிச்சுக்கும். அந்த நாள் எப்படி வருதுன்னு கண்டுபிடிக்கத்தானே சார் நமக்குச் சம்பளம்?”

“வரலன்னா?”

“பாதியில நிறுத்திட்டு, அதுக்கு வராதுன்னு எழுதினா அது ஆராய்ச்சியா? அதை நிறுத்தினா என்னையும் நிறுத்திடுங்க!”

சுதீர் இறங்கி வந்தார்.

“உங்களோட முடியல. சரி, ஓடட்டும்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “யார் பிள்ளைக்காக இவ்வளவு சண்டை?” என்று கேட்டார்.

“பிள்ளையில்ல ஆன்ட்டி, கம்ப்யூட்டர். ஆனா பிள்ளை மாதிரிதான். அதுக்குப் புரியற வரைக்கும் நாமதான் பொறுத்துக்கணும்.”

ஜெயித்த முகத்தோடு போனைப் பைக்குள் போட்டவள், வந்த வேலை நினைவுக்கு வந்து பயிற்சியாளர் ரங்காவைக் கூப்பிட்டாள்.

“மாஸ்டர், நாளையிலிருந்து ஷ்ரேயா வரமாட்டா.”

“ஏன் மேடம்?”

“ஒரு மாசமாச்சு. இன்னும் கம்பியை விடல. நீங்க சொன்னபடி காலை மட்டும் உதைக்கிறா. இவளுக்கெல்லாம் நீச்சல் வராது. டிராயிங் கிளாஸ்ல சேர்த்துடறேன்.”

“ஸ்வல்பம் பொறுங்க மேடம். பாப்பா ஆசையா வருது. இன்னும் கொஞ்ச நாள்...”

“பார்த்தாச்சு மாஸ்டர். ஷ்ரேயா, மேலே வா!”

ஷ்ரேயா வரவில்லை. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருந்தே கத்தினாள்.

“அந்தக் கம்ப்யூட்டருக்காக நீ சண்டை போட்டே. எனக்காக நானேதான் போடணும். வரமாட்டேன், போ!”