வாசல் மாதிரி ஓர் எழுத்து

சீன மொழி வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும், தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் எழுந்திருக்கவில்லை. நோட்டில் வரைந்து வந்திருந்த ஒரேயொரு சீன எழுத்தை டீச்சரிடம் நீட்டினார்: 开.

“இதுக்கு என்ன அர்த்தம், டீச்சர்?”

“அடிக்கடி வர்ற எழுத்துதான். கதவைத் திறக்கறதுக்கும் இதுதான், பூ பூக்கறதுக்கும் இதுதான். வண்டி ஓட்டறது, தண்ணி கொதிக்கறது, எல்லாத்துக்கும் வரும்.”

“மிஷின்ல இருந்தா?”

“ஓட விடுன்னு அர்த்தம்.”

ஃபிட்டர் நோட்டை இன்னும் அருகே நகர்த்தினார். “நிறுத்துன்னு எங்கயாவது வருமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“தலைகீழா நின்னாலும் வராது. ஏன் சார்?”

“எங்க பிரஸ் மிஷின்ல என் மச்சான் கை போயிடுச்சு. சிக்கின தகட்டை எடுக்கப்போனவன், நிறுத்தறேன்னு இதை அமுக்கிட்டான். எழுத்து தெளிவாத்தானே இருக்கு, தப்பு உன்னோடதுன்னு கம்பெனி கையை விரிச்சுடுச்சு.”

“அவருக்குச் சீன எழுத்து தெரியுமா?”

“எங்கள்ல யாருக்குத் தெரியும்? பொத்தான் மூடியோட கலரைத்தான் பாப்போம். பச்சைன்னா ஓடும், சிவப்புன்னா நிக்கும். சிவப்பைத்தான் அமுக்கினேன்னு அடிச்சுச் சொல்றான்.”

“அப்படின்னா இந்த எழுத்துக்குச் சிவப்பு மூடியை மாட்டினவன் எவனோ, அவனைப் புடிங்க சார்!”

ஃபிட்டர் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார். கழன்று விழுந்த இரண்டு மூடிகளையும் விபத்து நடந்த அன்று காலை குத்துமதிப்பாக மாட்டியது அவர்தான்.