சொல்லிக்கொண்டு போகிற பிள்ளை

பிள்ளை இந்தத் தடவையும் வந்துவிட்டான். காட்டுப் பாதை தொடங்குகிற மரவாசலில் காலையிலிருந்து காத்துக் கிடந்தவளுக்கு, வளைவில் அவன் தலை தெரிந்ததும்தான் போன உயிர் திரும்பி வந்தது.

"இளைச்சுட்டியேடா. காதோரம் நரைக்க வேற ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

அவன் பாட்டுக்கு மரவாசலைத் தாண்டி உள்ளே நடந்தான். அவள் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. இந்தப் பாதையின் கடைசிக் குளத்தில் அது நடந்த பிறகு, வருடத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது. எங்கிருந்து வருகிறான், பொழுது சாய்ந்ததும் எங்கே போகிறான் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஒருமுறை ஆசை தாங்காமல் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். கை வெறும் காற்றைத் துழாவிவிட்டுத் திரும்பியது.

ஆனால் ஒன்று, போகும்போது "வரேம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் போவான். சின்ன வயதில் வாய் தவறி "போறேன்" என்று சொல்லிவிட்டால், தெருமுனை வரை போனவனைக்கூடத் திரும்பக் கூப்பிட்டு "வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அந்த ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இப்போதும் அடுத்த வருடம் வரை நாளைத் தள்ளுகிறாள். இன்றைக்கும் அது கிடைத்துவிட்டால் போதும்.

முதல் காட்சி முனைக்குச் செங்குத்தான ஏற்றம். பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறி ஏறிப் பழகிப்போன வழி.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அவன் சொன்னான். "இங்கதாம்மா என் சட்டைக் காலரை விடாம பிடிச்சுக்கிட்டு நின்னே."

"இப்பவும் பிடிப்பேன். எட்டிப் பார்க்காதடா."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். காதில் விழுந்ததோ, காற்றுதான் தள்ளியதோ, அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நடுக்குளத்தில் தூண்டில்காரர் வழக்கமான கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் தூண்டிலில் ஒரு மீன் சிக்கி அவள் பார்த்ததில்லை, அவரும் விடுவதாக இல்லை. பிள்ளை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனான்.

"வந்துட்டானா?" என்று கேட்டார் அவர்.

"வந்துட்டாண்ணே. அதோ முன்னால போறான் பாருங்க."

"அவன் வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நீ இந்தக் காட்டை விட்டு நகர மாட்டே. ஏம்மா இப்படிக் கெடந்து அல்லாடுறே?"

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க."

"எனக்கும் ஒரு பொண்ணு வந்துக்கிட்டுதான் இருந்தா. ஒரு வருஷம் வரலை. மொதல்ல நெஞ்சே வெடிச்சுடும் போல இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, பாரம் எறங்கின மாதிரி ஆயிடுச்சு. நானும் கெளம்ப வேண்டியதுதான், ஒரே ஒரு மீன் மாட்டட்டும்னு பார்க்கறேன்."

"என் பிள்ளை அப்படி இல்லைண்ணே. வரேன்னு சொன்னா வருவான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவனைப் பிடிக்க ஓடினாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு சரியில்லை. பிள்ளை இன்று நடப்பதே வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நின்று பார்த்தான். இரண்டாவது காட்சி முனையில் எப்போதும் உட்காருகிற பெஞ்சில் உட்காரவில்லை. அதன் சாய்மானத்தை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு மேலே நடந்தான்.

கடைசிக் குளத்துக்கு வரும்போது வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கரைக்கல்லில் அன்றைக்கு இருந்த அதே பாசி. அதில்தான் அன்று அவன் கால் வழுக்கியது, அவள் பின்னாலேயே குதித்தாள். அதற்கு மேல் அவள் எதையும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அம்மா."

"சொல்லுடா."

"நான் வந்து வந்தே உன்னை இங்க கட்டிப் போட்டுட்டேன்மா."

"யாருடா அப்படிச் சொன்னது? நான் உங்கிட்ட வந்து அழுதேனா?"

"ஒவ்வொரு தடவையும் வரேன்னு சொல்லிட்டுப் போயிடறேன். நீயும் அதை நம்பிக் காத்துக்கிட்டே இருக்கே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நின்றாள். "பெரிய மனுஷன் மாதிரிப் பேசாதே. எனக்கு இது போதும்டா. இருட்டப் போகுது, எப்பவும் போல வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பு."

அவன் எழுந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு என்னைக் கரை ஏத்திவிட்டுட்டு நீ தண்ணிக்குள்ளயே தங்கிட்டே. போதும். போறேம்மா."