சாயம் போகாத ஜாக்கெட்

"சாயம் போகுமாங்க?" என்று கேட்டபடியே அர்த்தநாரி தன் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் பரபரவென்று தேய்த்தார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். மிதக்குமா என்று கேட்பவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார்.

பக்கத்தில் சாயிமா நின்றிருந்தாள். அர்த்தநாரியின் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கொச்சியில் பாய்மரப் படகில் விடுமுறையைக் கழிக்கிறாராம். பச்சைக் குழந்தைகளுக்கான வெள்ளை உடுப்புச் சாம்பிள் பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமை படகுக்கே வாருங்கள், கடலில் சுற்றிக்கொண்டே ஆர்டரைப் பேசி முடிப்போம் என்று மெயில் போட்டுவிட்டார்.

சாயிமாவுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரே இல்லாத நொய்யல் ஆற்றைப் பாலத்தில் கடக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள். வேலை போனாலும் சரி, வரமாட்டேன் என்று சொல்லிவிடத்தான் காலையில் வந்தாள். வாயைத் திறப்பதற்குள் வேனில் ஏற்றிக் கடைக்கே கூட்டி வந்துவிட்டார் மனுஷன்.

"தானா காத்து ஊதிக்கிற மாடல் இருக்குதுங்க. பாய்மரத்துல போறவங்க இதைத்தான் கேப்பாங்க, இடைஞ்சலே இருக்காது" என்றார் கடைக்காரர்.

"நேரத்துக்கு ஊதலீன்னா என்னங்க பண்றது? ஃபோம் வெச்சதே குடுங்க. குப்புற உழுந்தா நிமித்தி உடுமுங்களா?"

"இந்தக் காலர் நிமித்தி உட்ருமுங்க. வாய்ல மூக்குல தண்ணி போகாது."

"ஒரு சொட்டுக்கூட உள்ள போகக்கூடாதுங்க."

சாயிமா நிமிர்ந்து பார்த்தாள். ஓவர்டைமில் டீயோடு ஒரு வடை கேட்டால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவரா இப்படிப் பேசுகிறார்?

"எடையைப் பாத்துத்தானுங்க எடுக்கோணும். எத்தனை கிலோ?"

"எடை கம்மிதானுங்க" என்றார் அர்த்தநாரி. வீட்டில் ஒல்லிக்குச்சி என்று கேலி கேட்டே வளர்ந்த சாயிமா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து ஜாக்கெட்டின் சுற்றளவை அளந்தார். "கச்சிதம்" என்று தலையாட்டினார். அவளை அளக்கவே இல்லை. முப்பது வருஷத் தொழிலாச்சே, பார்த்தாலே அளவு தெரிந்துவிடும்போல என்று அவள் அசந்துபோனாள்.

வாரை இழுத்துப் பார்த்தார், தையலை நெருடிப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றை எடுத்துவைத்து, பேரமே பேசாமல் பில் போடச் சொன்னார். சாயிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தங்கமான மனுஷனையா இத்தனை நாளும் கஞ்சப்பிசினாரி என்று திட்டினோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"உங்களுக்கு ஒண்ணு எடுக்கலீங்களா சார்?"

"எனக்கெதுக்கு அம்மிணி? பொங்கலூர்க் கெணத்துல குட்டிக்கரணம் போட்டு வளந்தவன் நானு."

"ஞாயித்துக்கெழமை நான் கண்டிப்பா வாறேனுங்க சார். பயமெல்லாம் போயிருச்சுங்க."

"வராம பின்ன?" என்றார் அவர்.

கடைக்காரருக்கும் மனசு இளகிவிட்டது. ஜாக்கெட்டை விரித்துப் பிடித்து, "ஒருக்கா போட்டுப் பாத்துருங்க மேடம்" என்றார். சாயிமா சிரித்துக்கொண்டே கையை நுழைக்கப் போனாள்.

அர்த்தநாரி பதறிப்போய் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அழுக்காக்கிப் போடாத அம்மிணி, இதைச் சாம்பிள் பெட்டிக்கில்ல மாட்டோணும்."