அப்பா பார்த்துவிட்டார்

விபத்துக்குப் பிறகு என் மகள் முதன்முதலாக நடந்ததை வீடியோ எடுத்து, குடும்பத்தார் மட்டும் பார்க்கும் பக்கத்தில் ஏற்றினேன்.

"பார்த்தேன்டா, அழுதுட்டேன்!" என்றான் அண்ணன்.

"சூப்பர்ண்ணா! என்னமா ஓடுறா!" என்றாள் தங்கை.

மகள் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சரக்கைப் பிரித்துப் பார்க்காமலே பாராட்டுவது எங்கள் குடும்ப வழக்கம்.

யார் யார் பார்த்தார்கள் என்று வீடியோவுக்குக் கீழே பெயர் வரும். அப்பா பெயர் மட்டுமே இருந்தது. செருப்புக்கடை நடத்தியவர், போன வருடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் என் பீரோவில்தான் கிடக்கிறது.

மாலையில் அவர் பெயரில் ஒரு வரி வந்தது: "புள்ளைக்கு இடது செருப்பு கடிக்குதுடா. ஒரு சைஸ் கூட்டி வாங்கு."

மகளின் செருப்பைக் கழற்றினேன். இடது குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

வீடியோ எடுத்த நானும் பார்த்திருக்கவில்லை.